சொந்த லாகின்

திரை ஆறு மணி என்று காட்டியது. இரவு பத்தேகால் என்று காட்டியிருக்க வேண்டும். சுகந்தி கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள், கண்ணாடியைத் துடைத்தால் மணி மாறிவிடும் என்பதுபோல. மாறவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து இரண்டேகாலுக்கு லாகின் செய்தாள், அப்போது கிடைக்கும் நுழைவு டோக்கனுக்கு ஆயுள் எட்டு மணி நேரம், இரண்டேகாலும் எட்டும் பத்தேகால், மூன்றாம் வகுப்புக் கணக்கு, இதில் கோட்டை விட என்ன இருக்கிறது. ஆனால் அந்தச் சனியன் பிடித்த டோக்கன் இன்று மாலை ஆறு மணியோடு என் ஆயுள் முடிகிறது என்கிறது. டைம் சோன், வேறென்ன. சர்வர் லண்டன் நேரத்தில் யோசிக்கும், மனுஷி கோயம்புத்தூர் நேரத்தில் யோசிப்பாள், நடுவில் ஐந்தரை மணி நேரப் பள்ளம், இந்த நாட்டில் ஜாவா எழுதிச் சோறு தின்னும் எல்லாரும் ஒருமுறையாவது அதில் காலை விட்டவர்கள்தான். அதனால் நேரம் எங்கே இடித்தாலும் முதல் சந்தேகம் அந்த ஐந்தரை மேல்தான் போகும், வீட்டில் எது காணாமல் போனாலும் வேலைக்காரி மேல் போகிற மாதிரி. பத்தேகாலில் ஐந்தரை போனால் நாலேமுக்கால். ஆறு வரவில்லை. கூட்டினால் விடிகாலை மூன்றேமுக்கால். அப்போதும் ஆறு வரவில்லை. வித்தியாசம் நாலேகால் மணி நேரம், நாலேகால் மணி நேர வித்தியாசத்தில் எந்த ஊர் இருக்கிறது, இருந்தால் அந்த ஊருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம். ஏசி காற்று நேராகப் பிடரியில் இறங்கிக்கொண்டிருந்தது. வாயில் இன்னும் நெத்திலி வாசம். ஈஸ்வரமூர்த்தி வீட்டில், அதாவது தன் வீட்டில், கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அதை அவர் வீடு என்றுதான் மனசு சொல்கிறது, மீன் வாசமே கூடாது, அவள் மீன் தின்பதெல்லாம் கூட வேலை செய்யும் பெனிட்டாவின் டப்பாவிலிருந்துதான். இன்றைக்கு பெனிட்டா பொரித்த நெத்திலி முழுவதையும் இவள் தட்டில் கவிழ்த்துவிட்டாள். எல்லாத்தையும் நீயே தின்னு மக்ளே, எனக்கு வயிறு சரியில்ல என்றாள். சுகந்தியும் தின்றாள்.

சரவணம்பட்டியில் நூற்பாலை இயந்திரம் செய்யும் கம்பெனி இது. மென்பொருள் பிரிவு மூன்றாவது மாடியில் ஒரு ஓரம், அந்த ஓரத்தில் ஊழியர் இணையதளம் என்பது சுகந்தியும் பெனிட்டாவும் மட்டும், பெனிட்டா டீம் லீடு. லீவு போடுவது, வருகைப் பதிவு பார்ப்பது, சம்பளச் சீட்டு இறக்குவது, கீழே பட்டறையில் இருப்பவரிலிருந்து மேலே இருப்பவர் வரை எல்லாரும் தினமும் நுழைகிற தளம். பழைய ஏற்பாட்டில் யார் உள்ளே வந்தாலும் சர்வர் ஞாபகம் வைத்துக்கொள்ளும், இவர் இன்னார், உள்ளே இருக்கிறார் என்று. மாதக் கடைசியில் எல்லாரும் ஒட்டுக்கா நுழைந்து அது மூச்சு முட்டி விழும், மேனேஜர் பார்த்திபன் சார் கத்துவார். அதனால்தான் இந்த டோக்கன். இனி சர்வர் யாரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. லாகின் செய்ததும் உன் பேரையும், எது வரைக்கும் செல்லும் என்பதையும் எழுதி, ரகசியச் சாவியால் ஒரு கையெழுத்துப் போட்டு உன் கையிலேயே கொடுத்துவிடும், நீ ஒவ்வொரு வாசலிலும் அதைக் காட்ட வேண்டும், அது கையெழுத்தையும் நேரத்தையும் மட்டும் பார்க்கும், உன் முகத்தைப் பார்க்காது. ஈஸ்வரமூர்த்தி கேட்டபோது வ.உ.சி. மைதானத்துப் பொருட்காட்சியை வைத்துத்தான் சொன்னாள், டிக்கெட் வாங்கினதும் மணிக்கட்டில் மை முத்திரை குத்துவாங்கல்ல, வெளிய போயிட்டுத் திரும்பி வந்தா கையைக் காட்டினாப் போதும், கேட்டுக்காரருக்கு உங்களத் தெரியவே வேண்டாமுங்க என்று. அப்படிச் சொல்லும்போதே பெனிட்டாவின் ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது. கம்பெனியில் சேர்ந்த புதிதில் இருவரும் அங்கே போயிருந்தார்கள். பெனிட்டா மட்டும் டிக்கெட் எடுத்து உள்ளே போய், மை காய்வதற்குள் ஓடி வந்து, தன் மணிக்கட்டைச் சுகந்தியின் மணிக்கட்டோடு வைத்து அழுத்தினாள். முத்திரை இடம் வலம் மாறிப் பதிந்தது. கேட்டுக்காரர் மையைப் பார்த்தார், எழுத்தைப் பார்க்கவில்லை. ராட்டினத்தில் சுற்றும்போது பெனிட்டா காதருகே கத்திக் கத்திச் சிரித்தாள். அந்தக் கை எவ்வளவு சூடாக இருந்தது என்பதுகூட இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

இன்னொரு முறை லாகின் செய்தாள். இப்போது மணி இரண்டு நாற்பது, பத்து நாற்பது வர வேண்டும். ஆறு. அப்படியே ஆறு, ஒரு நொடி நகரவில்லை. டைம் சோன் இடித்தால் இதுவும் கூடவே நகர்ந்திருக்கும், இது எங்கேயோ ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. சுகந்தி சோதனைச்சாமியின் பேரைப் போட்டுப் பார்த்தாள். சோதனைச்சாமி என்று உலகத்தில் யாரும் கிடையாது, டெஸ்ட் செய்வதற்காக இருவரும் உண்டாக்கின டம்மி ஆள், ஊர் அன்னூர், பதவி ஃபிட்டர், பேர் வைத்தது பெனிட்டா. சோதனைச்சாமிக்குப் பத்து நாற்பது வந்தது, அட்சர சுத்தமாக. இல்லாத ஆளுக்கு இரவு வரை அனுமதி இருக்கிறது, இருக்கிற ஆளுக்கு ஆறு மணிக்கு மேல் இல்லை. அப்போதுதான் அந்த வாக்கியம் வந்து முள்ளில் துணி மாட்டின மாதிரி மாட்டிக்கொண்டது. சொந்த லாகின்ல டெஸ்ட் பண்ணாத மக்ளே. பெனிட்டா சொன்னது. எப்போது சொன்னாள், இந்த வாரம்தான், இல்லை, இந்த வாரம் இரண்டு தரம் சொன்னாள். சோதனைச்சாமிய வச்சு பண்ணு, உன் லாகின போடாத என்று. ஏன் சொன்னாள். நல்ல பழக்கம் என்று சொல்லியிருப்பாள், எல்லா லீடும் சொல்வதுதானே. ஆனால் பெனிட்டா சொல்லுகிற ஆள் இல்லையே. அவளே எல்லாவற்றையும் சொந்த லாகினில்தான் டெஸ்ட் செய்வாள், யார்தான் செய்யவில்லை, விரல் தானாகப் போய் தன் பேரைத்தானே அடிக்கிறது, எத்தனை வருஷமாக அதே பேர், அதே பாஸ்வேர்டு. சுகந்தியும் ஒரு வாரமாகச் சோதனைச்சாமியோடுதான் மாரடித்தாள். இன்று மதியம் வயிறு நிறைந்த மப்பில் விரல் தன்பாட்டுக்குத் தன் பேரை அடித்துவிட்டது, அவ்வளவுதான் நடந்தது.

எங்கே இடிக்கிறது என்று தெரியாமலில்லை. இடிக்கவே இல்லை என்பதுதான் விஷயம். அந்த வரியை எழுதினது அவள்தான். டோக்கனின் ஆயுள் எட்டு மணி நேரம், ஆனால் அந்த ஊழியரின் கடைசி வேலை நாள் அதற்குள் வந்துவிட்டால், அன்று மாலை ஆறு மணியோடு சரி. ஞாபகம் வைக்காத சர்வரில் ஒருமுறை கொடுத்த டோக்கனைத் திரும்பப் பிடுங்க முடியாது, அதனால் கொடுக்கும்போதே அளந்து கொடுத்துவிட வேண்டும். பெனிட்டா கேட்டதுதான் இது. கான்ட்ராக்ட் ஆட்களுக்காக்கும் மக்ளே, வேல முடிஞ்சு போனவன் ராத்திரி வரைக்கும் உள்ள இருந்தா நல்லாவா இருக்கு என்றாள். நியாயமாகத்தான் பட்டது. சுகந்தி ரசித்து எழுதினாள், ஒரே வரியில், எது முன்னால் வருகிறதோ அது. கடைசி வேலை நாள் என்கிற கட்டம் நிரந்தர ஊழியர்களுக்குக் காலியாக இருக்கும், அதை நிரப்புவது ஹெச்ஆர், புரோகிராம் எழுதுகிறவர்கள் கண்ணுக்கு அது தெரியாது, புரோகிராம் மட்டும் படிக்கும். டெஸ்ட் சர்வரில் இருப்பது ஊழியர் விவரத்தின் நகல், இன்று பகல்தான் புதிதாக இறக்கினார்கள். ஆக, யாரோ அவள் கட்டத்தில் இன்றைய தேதியைப் போட்டிருக்கிறார்கள். அவள் எழுதின வரி அதைப் படித்து, அவளுக்கே, ஒரு தயக்கமும் இல்லாமல், ஆறு மணி என்று சொல்கிறது. தவறிப் போட்டிருக்கலாம். ஹெச்ஆர் பட்டியலில் வேறு சுகந்தி இருக்கலாம், ஸ்டோர்ஸில் ஒரு சுகந்தி இருந்தாளே, அவள் பிரசவத்துக்குப் போனவள் வரவேயில்லையே, அவளாக இருக்கலாம். இருக்கலாம்தான். ஆனால் காலையில் பார்த்திபன் சார் அழைப்பு அனுப்பியிருந்தார், ஐந்தரை மணிக்குச் சின்ன மீட்டிங், அரை மணி நேரம், மனிதவள அறையில். டோக்கன் வேலையைப் பற்றி என்று நினைத்தாள். பாராட்டப் போகிறார் என்றுகூட நினைத்தாள், இந்த மரமண்டை. ஐந்தரையும் அரையும் ஆறு. போன் அதிர்ந்தது, ஈஸ்வரமூர்த்தி. சித்திரையில பழனிக்குப் போலாமான்னு அம்மா கேக்குது, லீவு கெடைக்குமா உனக்கு என்று எழுதியிருந்தார். கிடைக்கும் என்று அடித்தாள். அழித்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள். நாற்பது வயதை எட்டப்போகிற பெண்ணை ஜாவா வேலைக்கு எவன் எடுக்கிறான், இருபத்துமூன்று வயசுப் பிள்ளைகள் பக்கத்து நாற்காலியில் நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், எதிரே ஒரு பையன் மேடம் உங்க ஸ்ட்ரென்த் என்ன என்பான், மாமியார் எதுவும் சொல்ல மாட்டார், காபியை மட்டும் ஒரு நிமிஷம் தாமதமாக வைப்பார், அது போதும்.

வேலை போவது ஒரு பக்கம். அதைவிட, பெனிட்டாவுக்குத் தெரியுமா. தன் நாற்காலியிலிருந்து பார்த்தால் கண்ணாடி அறைக்குள் பெனிட்டாவின் பின்னந்தலை தெரியும், கொண்டைக்குக் கீழே மெல்லிய சங்கிலி, அதில் தொங்கும் சிலுவை முன்பக்கம் இருக்கும், இங்கிருந்து தெரியாது. அவளுக்கு விஷயம் தெரியாமல் இருக்கலாம். லீடு என்றாலும் எல்லாவற்றையும் சொல்வார்களா என்ன. தெரிந்திருந்தால் அவள் முகம் காட்டிக்கொடுத்திருக்கும், பெனிட்டாவுக்குப் பொய் சொல்ல வராது. வராதா. கேட்டுக்காரர் முன்னால் கையை நீட்டிக்கொண்டு எவ்வளவு அசால்ட்டாக நின்றாள். பெனிட்டாவின் அப்பா நாகர்கோவிலில் படுத்த படுக்கையாகக் கிடந்த அந்தச் சமயத்தில் தன் வேலையையும் அவள் வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டு, பெனிட்டா வீட்டுல இருந்தே பண்றாங்க சார் என்று பார்த்திபனிடம் தினமும் சாதித்தது யார். லீடு பதவிக்கு இரண்டு பேர் பேரும் அடிபட்டபோது, எனக்கு வேண்டாம் சார், பெனிட்டாவுக்குக் கொடுங்க, எனக்கு வீட்டுல சின்னப் புள்ள இருக்குது என்று ஒதுங்கினது யார். அன்றைக்கு பெனிட்டா கட்டிக்கொண்டு அழுதாள், நீ எனக்குக் கூடப் பொறந்தவ மக்ளே என்றாள். அந்தக் கண்ணீரும் உண்மைதான். பொய்யாக அழுதிருந்தால் தேவலை. இப்போது ஒவ்வொன்றாகப் புரண்டு எழுந்து வருகிறது. இந்த வரியைப் போடச் சொன்னது அவள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு என்றாள், இந்தக் கட்டடத்தில் கணினித் தளத்தில் நுழைகிற கான்ட்ராக்ட் ஆள் எத்தனை பேர். சொந்த லாகின் வேண்டாம் என்றது அவள். எப்படியாச்சும் வெள்ளிக்கிழம முடிச்சிரு, சார் கேக்காரு என்று திங்கட்கிழமையே சொன்னது அவள், இன்று வெள்ளிக்கிழமை. நேற்று எதற்கோ வந்து தோளில் கை வைத்து, ஒன்றும் சொல்லாமல், சும்மாதான் என்று போனது அவள். நெத்திலி. வெட்டப்போகிற ஆட்டுக்கு வைக்கிற தழை. அதையும் இவள் முள்ளோடு மென்று, நல்லா மொறுமொறுன்னு இருக்குது பெனிட்டா என்று பாராட்டியிருக்கிறாள். துரோகம் என்பது பெரிய வார்த்தை, சினிமாவில் மழையில் நின்று சொல்கிற வார்த்தை என்று நினைத்திருந்தாள். அது டிபன் டப்பாவில் வரும் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை, இரு, அவசரப்படாதே, அவளுக்குத் தெரியாமலும் இருக்கலாம், வயிறு சரியில்லை என்றாளே, நிஜமாகவே சரியில்லாமல் இருக்கலாம்.

சாவி தன்னிடம் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. டோக்கனில் கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி, இன்று சாயங்காலம் ஒப்படைக்கும் வரை, அவளிடம். நினைத்தால் இந்த நிமிஷமே தனக்கு ஒரு டோக்கன் போட்டுக்கொள்ளலாம், சுகந்தி, ஆயுள் பத்து வருஷம் என்று. சர்வர் மறு கேள்வி கேட்காது. அதற்கு ஞாபகம் கிடையாது, கையெழுத்து சரியா, சரி, நேரம் இருக்கிறதா, இருக்கிறது, வாங்க. மனிதவள அறையில் உட்கார்ந்து எத்தனை பேர் கைகுலுக்கி அனுப்பி வைத்தாலும் அது பத்து வருஷத்துக்கு அவளை இந்தக் கம்பெனிக்காரியாகத்தான் மதிக்கும். விரல்கள் கீபோர்டு மேல் நின்றன. அந்த வரியைக்கூட அடித்துவிடலாம், ஒரே வரி, யாருக்கும் தெரியாது. பிறகு சிரிப்பு வந்தது, கசப்பான சிரிப்பு. பத்து வருஷ டோக்கனை வைத்துக்கொண்டு என்ன செய்வாள், வீட்டில் உட்கார்ந்து, தன்னை வேண்டாம் என்ற கம்பெனியில் தனக்கு எத்தனை லீவு பாக்கி என்று பார்ப்பாளா. மனுஷர்களைவிட இந்த சர்வர் தேவலை. அது யாரையும் தெரிந்தமாதிரி காட்டிக்கொள்வதில்லை, மக்ளே என்று கூப்பிடுவதில்லை, மீன் தருவதில்லை. அதற்கு நீ யாரோ, யாரோவாகவே வாசலில் நிறுத்தி, கையில் இருப்பதைக் காட்டச் சொல்கிறது. முகத்தை வைத்து உள்ளே விடுகிற பழக்கம் மனுஷர்களுக்குத்தான். அவள் பெனிட்டாவை முகத்தை வைத்துத்தான் விட்டாள், ஒருநாளும் எதையும் காட்டு என்று கேட்டதில்லை. சுகந்தி அந்த வரியைத் தொடவில்லை. மீதி வேலையை முடிக்க ஆரம்பித்தாள், ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது, கோபத்தில் வீட்டைக் கூட்டிப் பெருக்குவதுபோல ஒவ்வொரு வாசலாக அடைத்துக்கொண்டு போனாள், லீவு வாசல், சம்பளச் சீட்டு வாசல். டோக்கன் இல்லையா, வெளியே போ. செத்த டோக்கனா, வெளியே போ. எல்லா டெஸ்டும் பச்சை காட்டியது. இவ்வளவு சுத்தமாக அவள் எழுதினதே இல்லை, அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஐந்து மணி வாக்கில் பெனிட்டா இரண்டு பேப்பர் கப்பில் காபியோடு வந்தாள். பக்கத்து நாற்காலியைக் காலால் இழுத்து உட்கார்ந்தாள். முகம் வெளுத்துத்தான் இருந்தது. வயிறாகவும் இருக்கலாம்.

"முடிஞ்சா மக்ளே?"

"முடிஞ்சுது."

"அஞ்சரைக்கு சார் கூப்பிட்டிருக்காருல்லா. என்னையும் வரச் சொன்னாரு. நான் கூட இருப்பேன், கேட்டியா." இவள் கண்ணைப் பார்க்காமல் காபிக் கப்பின் விளிம்பைப் பார்த்துச் சொன்னாள். "ஒண்ணும் நெனைச்சுக்கிடாத."

எதை நினைத்துக்கொள்ளக் கூடாது என்று சுகந்தி கேட்டிருக்கலாம். கேட்டால் பெனிட்டா அழுவாள். பெனிட்டா அழுதால் இவள்தான் சமாதானம் செய்ய வேண்டும், எப்போதும் அப்படித்தான். சுகந்தி காபியை எடுத்து ஒரு வாய் குடித்தாள், சர்க்கரை தூக்கலாக இருந்தது, அவளுக்குப் பிடித்த அளவு. "எதுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல, சும்மா. எங்க, காட்டு. சாருகிட்ட சொல்லுகதுக்கு முன்னால நானே ஒரு தடவ பாத்துக்கிடுதேன்." கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சோதனைச்சாமியின் பேரை அடிப்பாள் என்று சுகந்தி நினைத்தாள். பெனிட்டாவின் விரல்கள் பேச்சோடு பேச்சாக, பார்க்காமலே, பெனிட்டா என்று அடித்தன, பாஸ்வேர்டை அடித்தன, தட்டின. டோக்கன் வந்தது. கீழே அதன் ஆயுள் வந்தது.

"இது என்ன, ஆறு மணின்னு காட்டுது?" பெனிட்டா திரைக்கு அருகே குனிந்தாள். "இப்ப அஞ்சு. ராத்திரி ஒரு மணி வரைக்கும் வரணும்லா?"

சுகந்தி முதலில் ஒன்றும் புரியாமல் ஆறு என்ற எண்ணையே பார்த்தாள், பிறகு முழுவதும் புரிந்தது, பெனிட்டாவின் கட்டத்திலும் இன்றைய தேதி. நெஞ்சுக்குள் சுருக்கென்று ஒரு சந்தோஷம் பாய்ந்தது, அப்படி ஒன்று தனக்குள் இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது, பாய்ந்த வேகத்திலேயே அது புளித்தும் போனது. பக்கத்தில் பெனிட்டாவின் மணிக்கட்டு, மேசை விளிம்பில், நரம்பு தெரிய. ஒருநாள் சூடாக வந்து இவள் மணிக்கட்டில் அழுந்தின அதே இடம்.

"டைம் சோனாக்கும்," என்றாள் பெனிட்டா. "அந்த அஞ்சரை எங்கயோ இடிக்கி. பாரு, ஒரு மணில இருந்து அஞ்சரைய கழிச்சா..." விரல் மடக்க ஆரம்பித்தாள், பன்னிரண்டு, பதினொன்று என்று முணுமுணுத்துக்கொண்டு. வரவில்லை. மறுபடி முதலிலிருந்து மடக்கினாள். சுகந்தி மதியம் நின்ற அதே இடத்தில் இப்போது அவள் நிற்கிறாள், அங்கிருந்து எங்கே போய் முடியும் என்று இவளுக்குத் தெரியும். விட்டுவிடலாம். ஐந்தரை வரைக்கும் விரல் மடக்கட்டும். மனிதவள அறையில் இவளுக்குத் துணையாக உட்காரப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே உள்ளே வரட்டும். வாயை மூடிக்கொண்டு காபியைக் குடித்தால் போதும், அவள் ஒரு வாரமாகச் செய்தது அதுதானே. சுகந்தி காபியைக் கீழே வைத்தாள்.

"சொந்த லாகின்ல டெஸ்ட் பண்ணாதன்னு நீதான சொன்ன, பெனிட்டா."

மடக்கின விரல்கள் அப்படியே நின்றன. பெனிட்டா திரும்பவில்லை. திரையில் இருந்த ஆறு மணியைப் பார்த்தாள், மூலையில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தைப் பார்த்தாள், மறுபடி ஆறு மணியைப் பார்த்தாள்.

"சாரு உன் பேரு மட்டும்தானே மக்ளே சொன்னாரு," என்றாள்.